சக்திவேல் போட்ட எல்லை

சக்திவேல் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக எனக்குக் கோபம் வந்துவிடும், அப்புறம் சொல்ல மறந்துபோகும். அவன் வீட்டு மாடியில்தான் நானும் என் கணவரும் பல வருஷமாகக் குடியிருக்கிறோம். கரண்ட் போனால் கீழேயிருந்து ஓடி வந்து ஃபியூஸ் பார்ப்பான். தாம்பரத்தில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு, பஸ் வராத நாட்களில் அவனே வண்டியில் கொண்டுபோய் விடுவான். இப்படி ஒரு பிள்ளை நமக்கு இருந்திருக்கக் கூடாதா என்று நான் வாய்விட்டே சொன்னதுண்டு.

கீழ்க்கட்டளைக்குப் பக்கத்தில் ஏரியை ஒட்டி இருந்த பழைய ஊரின் பூர்வீகக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. நெல் போட்ட நிலமெல்லாம் இப்போது அபார்ட்மென்ட்டும் டைல்ஸ் கடையும் கல்யாண மண்டபமுமாக நிற்கிறது. அவன் அப்பா சிட்டிபாபு நிலத்தை விற்று வீடுகளைக் கட்டி வாடகைக்கு விட்டு, மீதி வாழ்நாளை வெள்ளை வேட்டியில் கழித்த மனிதர். ஏரிக்காத்த அம்மன் கோயிலில் முதல் மரியாதை அவருக்குத்தான். சக்திவேல் ஒரே பிள்ளை. இன்ஜினியரிங் முடித்து, சிறுசேரியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, காதில் எப்போதும் எதையாவது மாட்டிக்கொண்டு திரிந்தான். கோயில் திருவிழா வந்தால் மைக் செட் சத்தம் தாங்கவில்லை என்று நண்பன் ரூமுக்குப் போய்விடுவான்.

கொரோனாவின் இரண்டாம் அலையில் சிட்டிபாபு போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பையில் சுற்றி நேராகச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாய்க்கரிசி கிடையாது, கோடி கிடையாது, குடம் உடைக்க விடவில்லை. பிள்ளையைச் சுடுகாட்டு கேட்டுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு முடித்துவிட்டார்கள். ஊர் முழுக்க அப்போது அதே கதைதான். ஆனால் அவனுக்கு அது அவன் அப்பா.

அன்றைக்குத் திரும்பி வந்தவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அப்பாவை ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிட்டேன், அவர் எங்கே போயிருப்பார் அக்கா என்று என்னைக் கேட்டான். எனக்கு என்ன தெரியும்? போய்க் குளி, சாப்பிடு என்றேன். பாவமாக இருந்தது.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் அவன் கிளம்பினான் என்று இப்போதும் நினைக்கிறேன். முதலில் இன்டர்நெட்டில் தேடினான். பிறகு புத்தகம் வாங்கினான். பிறகு அவனைப் போலவே தேடிக்கொண்டிருந்தவர்களைக் கண்டுபிடித்தான். உமேஷ் என்று ஒருவன், எம்.பி.ஏ. படித்தவன், கேமராவும் எடிட்டிங்கும் அவன் கையில். அனுப்பிரியா என்று காலேஜ் முடித்த பெண், கோலம் ஏன், குங்குமம் ஏன் என்று கண்ணைச் சிமிட்டாமல் பேசுவாள். இன்னும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து 'ஊர் மரபு இளைஞர் குழு' என்று பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். பேசுவதை வீடியோ எடுத்துப் போடுவார்கள். நம் தாத்தாவுக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியவில்லை என்றுதான் ஒவ்வொரு வீடியோவும் ஆரம்பிக்கும். நன்றாகப் பேசுபவன் சக்திவேல்தான். குரல் உயராது, கையை ஆட்டமாட்டான், கேட்பவர்களின் கண்ணைப் பார்த்துப் பேசுவதுபோல இருக்கும்.

நல்லதும் செய்தார்கள். கோயில் குளத்தில் கிடந்த பிளாஸ்டிக்கை இறங்கி அள்ளினார்கள். திருவிழாவில் நடந்த அசிங்கமான டான்ஸ் நிகழ்ச்சியை நிறுத்தினார்கள். குடித்துவிட்டுக் கரகம் தூக்கியவர்களை ஒதுக்கிவைத்தார்கள். புயல் மழையில் தெருவெல்லாம் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, வீடு வீடாகப் பாலும் பிரட்டும் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் பிள்ளைகள்தான். நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன்.

பிறகு மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆனது. நைட்டியோடு கோயில் தெருவுக்கு வராதீர்கள் என்று ஒரு போர்டு. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிய வீட்டைப் பற்றி ஒரு வீடியோ, பெயர் சொல்லாமல், ஆனால் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி. யாரையும் அதட்டமாட்டார்கள். கும்பிட்டுத்தான் சொல்வார்கள். கும்பிட்டுச் சொல்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? எனக்கு எரிச்சலாக வரும், வாயை மூடிக்கொண்டு மாடியேறிவிடுவேன்.

அடுத்து வந்தது காப்பு.

ஆடி மாதம் கூழ் வார்ப்பதற்குப் பத்து நாள் முன்னால் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். வேண்டுதல் உள்ளவர்கள், யாருக்காக வேண்டிக்கொள்கிறார்களோ அவர்கள் பெயரைச் சொல்லி, மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்வார்கள். கட்டினால் கூழ் வார்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது பழைய பேச்சு. பேச்சுதானே தவிர, யார் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள்? அதற்கு ஊரே ஒரு வழி வைத்திருந்தது. வெளியே போகவேண்டியவர்கள் பூசாரி ஏகநாதனிடம் போய்க் கையை நீட்டுவார்கள். அவர் காப்பை அவிழ்த்து, பெயரைச் சொல்லி, அம்மன் முன்னால் இருக்கும் சூலத்தில் கட்டிவிடுவார். போய்விட்டு வந்ததும் மறுபடி கையில் கட்டுவார். இதைச் 'சூலத்தில் ஏற்றுவது' என்பார்கள். ஆடி மாதம் காலையில் ஆபீஸ் போகிறவர்கள் கோயில் வாசலில் பேக்கோடு வரிசையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். டோக்கன் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி என்று கேலி செய்திருக்கிறேன்.

குழு அதை நிறுத்தியது. அது வசதிக்காக வந்த பழக்கம், மரபு இல்லை என்று சக்திவேல் ஒரு வீடியோவில் பேசினான். அம்மனிடம் கொடுத்த வாக்கைக் கோட் ஸ்டாண்டில் மாட்டிவிட்டுப் போகலாமா என்று கேட்டான். அதோடு விட்டிருக்கலாம். கடைசியில் ஒன்று சொன்னான். காப்போடு எல்லை தாண்டினால் தண்டனை கட்டியவருக்கு வராது, யாருக்காகக் கட்டினாரோ அவருக்குத்தான் வரும் என்றான். இதை அவன் எங்கே படித்தான், யார் சொன்னார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டி, பின்னால் உடுக்கைச் சத்தம் சேர்த்து, உமேஷ் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டுவிட்டான்.

பழைய சர்வே வரைபடத்தை எடுத்து எல்லையையும் குறித்தார்கள். ஒரு பக்கம் ஏரி மதகு, ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் இப்போது ரேடியல் ரோடு போகிற இடம். ஊரை விட்டுப் போகிற ஒவ்வொரு தெருவின் முனையிலும் வேப்பிலைத் தோரணம் கட்டி, தரையில் மஞ்சள் தண்ணீரால் கோடு போட்டு, முறைவைத்துப் பிள்ளைகள் நின்றார்கள். இதெல்லாம் என்னடா என்று கேட்டேன். யாரையும் தடுக்கவில்லை அக்கா, ஞாபகப்படுத்துகிறோம், அவ்வளவுதான் என்று சிரித்தான்.

அந்த முதல் வருஷம் பெயின்ட் அடிக்கிற மாரி, தன் மகளுக்காகக் காப்புக் கட்டியிருந்தவன், சிறுசேரிக்கு வேலைக்குப் போனான். போகாவிட்டால் மேஸ்திரி வேறு ஆள் போட்டுவிடுவார். தோரணத்துக்குக் கீழே நின்ற பையன்கள் கும்பிட்டு வழிவிட்டார்கள். அடுத்த வாரம் அவன் மகளுக்கு டெங்கு வந்தது. அந்த மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு டெங்கு. ஆனால் குழுவின் குரூப்பில் மாரி எல்லை தாண்டிய போட்டோவும், அதற்குக் கீழே 'அம்மா பார்த்துக்கொண்டாள்' என்ற ஒரு வரியும் வந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. மாரியின் மனைவி அதற்குப் பிறகு தெருவில் யார் முகத்தையும் பார்த்து நடக்கவில்லை.

எனக்கு அன்றைக்குத்தான் பயம் வந்தது. இனிமேல் இந்த ஊரில் யாருக்குச் சளி பிடித்தாலும் அதற்கு ஒரு குற்றவாளி இருப்பான் என்று என் கணவரிடம் சொன்னேன். நமக்கு எதற்கு, நாம் வாடகைக்கு இருப்பவர்கள் என்றார் அவர்.

போன வருஷம் ஆடியில் காப்புக் கட்ட வந்த கூட்டம் முன்பைவிடப் பலமடங்கு. கட்டியவர்களில் சக்திவேலின் அம்மா தாயாரம்மாளும் ஒருத்தி. மகனுக்கு இருபத்தெட்டு தாண்டியும் கல்யாணம் கூடிவரவில்லை. பெண் பார்த்து, ஜாதகம் பொருந்தி, கடைசியில் ஏதாவது ஒன்றில் தட்டிப்போகும். அதனால் அவன் பெயரைச் சொல்லிக் கட்டிக்கொண்டாள். தாயாரம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மகன் பேசின வீடியோ ஒவ்வொன்றும் அவளுக்கு மனப்பாடம். மத்தியானம் வேலையெல்லாம் முடிந்ததும் ஃபோனைச் சுவரில் சாய்த்துவைத்து, அவன் பேசுவதைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பாள். அவன் சொல்லும் அடுத்த வார்த்தையை இவள் உதடு முன்னாலேயே சொல்லும்.

அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அரை நாள் பள்ளி முடித்து வந்து படியேறப்போனேன். தாயாரம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். வாயுப் பிடிப்பு என்றாள். ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வியர்வை, தாடையைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சரியாகப் படவில்லை. உள்ளே லேப்டாப்பில் இருந்த சக்திவேலைக் கூப்பிட்டேன். தெருமுனை கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, ஏதோ மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லிவிட்டு, அவனை வெளியே கூப்பிட்டுச் சொன்னாள். ஹார்ட் அட்டாக். இங்கே ஒன்றும் செய்ய முடியாது, ஆம்புலன்ஸுக்குக்கூடக் காத்திருக்காதே, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்றாள். அங்கிருந்து பத்து நிமிஷம், ரேடியல் ரோட்டைத் தாண்டியதும் ஆஸ்பத்திரி.

அவன் காரை எடுத்தான். நான் பின்சீட்டில் அவளைச் சாய்த்துக்கொண்டேன். தோரணம் கட்டிய இடத்துக்கு வண்டி வந்தது. நின்றிருந்த பையன்கள் யார் வண்டி என்று பார்த்ததும் பதறிப்போய் ஒதுங்கினார்கள், ஒருத்தன் தோரணத்தைக் கையால் தூக்கிப் பிடித்தான். அவர்கள் மேல் நான் பழி போடமாட்டேன். தடுத்தது தாயாரம்மாள்.

வண்டியை நிறுத்தச் சொன்னாள். அவன் நிறுத்தவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே விட்டுவிட்டாள். அவன் பிரேக் போட்டான். நான் பிடிப்பதற்குள் இறங்கி, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உனுக்காவ கட்டிகினு கீறேன்டா," என்றாள். "நான் தாண்டினா உன்னத்தான் புடிப்பா. நீதான சொன்ன."

சக்திவேல் அவள் முன்னால் மண்டியிட்டான். அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்ல வரவில்லை. அப்படி எதுவும் நடக்காது என்றான். காலில் விழுந்தான். அவள் கையிலிருந்த காப்பை அறுக்கப் போனான். அவள் கையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அள்ளித் தூக்கப் போனால் லாரி முன்னால் விழுவேன் என்றாள். கடைசியில், நின்றுகொண்டிருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"அது நானா சொன்னதும்மா. எந்தப் பெரியவங்களும் சொல்லல, எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. வீடியோவுக்காக நானே சேத்துகினது. பொய்ம்மா அது."

அவள் அவன் தலையைத் தடவினாள்.

"பெத்தவளக் காப்பாத்த இப்பப் பொய் சொல்ற," என்றாள். "உனுக்குப் பொய் சொல்ல வராதுடா."

யாரோ பைக்கில் போய்ப் பூசாரி ஏகநாதனைக் கூட்டிவந்தார்கள். அவர் கையை நீட்டச் சொன்னார், காப்பைச் சூலத்தில் ஏற்றிவிடுகிறேன், போய்விட்டு வா என்று கெஞ்சினார். அது செல்லாது என்று பிள்ளைகள் படித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள், நீ இன்னும் பழசையே பேசிக்கொண்டிருக்கிறாய் என்றாள் அவரிடம். அவர் சக்திவேலைப் பார்த்தார். அவன் செல்லும்மா, செல்லும்மா என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவள் கேட்கவே இல்லை. நான் அவளைத் திட்டினேன், பைத்தியக்காரி என்றுகூடச் சொன்னேன். ரோட்டில் லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்தன. எதிர்ப்பக்கம் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை எங்களுக்குத் தெரிந்தது.

பேசிக்கொண்டே இருந்தவள் ஒருபக்கமாகச் சாய்ந்தாள். அவளைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டினோம். ஆஸ்பத்திரியில் அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். அரைமணி முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். அந்த வார்த்தையை அவனும் கேட்டான், நானும் கேட்டேன்.

இந்த முறை அவனை யாரும் வெளியே நிற்க வைக்கவில்லை. வாய்க்கரிசி, கோடி, குடம், பால், கருமாதி எல்லாம் ஒன்றுவிடாமல் செய்தான். மொட்டைத் தலையோடு வீட்டுக்குள்ளேயே இருந்தான். உமேஷும் அனுப்பிரியாவும் வந்து வந்து போனார்கள். வீடியோ எதுவும் வரவில்லை. எனக்குள் ஒரு அற்ப நிம்மதி. இவ்வளவு பெரிய விலை கொடுத்தாவது இது முடிந்ததே என்று நினைத்தேன். ஆனால் தெருவில் வேறு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. காப்போடு தூக்கிக்கொண்டு போனார்களே, அதனால்தான் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்றார்கள். பிள்ளையைப் பிடிக்க வேண்டியது, பெற்றவள் குறுக்கே விழுந்து வாங்கிக்கொண்டாள் என்றார்கள். அவன் அன்றைக்கு ரோட்டில் சொன்ன உண்மையை அத்தனை பேர் கேட்டார்கள். ஒருத்தர்கூட அதை ஞாபகம் வைத்திருக்கவில்லை.

இந்த வருஷம் ஆனி மாதக் கடைசியில் அவன் மறுபடி பேசினான். உடுக்கைச் சத்தம் இல்லை, வெட்டு ஒட்டு இல்லை, வெறும் முகம்தான். நான் என் அம்மாவை எல்லை தாண்டிக் கொண்டுபோனேன், எனக்கு வரவேண்டியதை அவள் வாங்கிக்கொண்டு போய்விட்டாள், நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள் என்றான். அவன் அழவில்லை. பார்த்தவர்கள் அழுதார்கள். மறுநாள் எங்கள் ஸ்டாஃப் ரூமில், தாம்பரத்தில், அந்த வீடியோவை மூன்று டீச்சர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நேராக அவன் வீட்டுக்குள் போனேன். உட்காரச் சொன்னான், உட்காரவில்லை. என் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். உன் அம்மா லேட்டாகப் போனதால் செத்தாள், அது உனக்கே தெரியும், நீயே உன் வாயால் பொய் என்று சொன்னாய், நான் பக்கத்தில் நின்று கேட்டேன், இப்போது இன்னும் எத்தனை பேர் அம்மாவை ரோட்டோரத்தில் உட்கார வைக்கப் போகிறாய் என்று கத்தினேன். அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு அந்தப் பழைய குரலில், கொஞ்சமும் உயராமல், சொன்னான்.

"நீங்க சொல்றது நிஜம்னா எங்கம்மாவ நான்தான் கொன்னேன்கா. நான் சொல்றது நிஜம்னா அம்மன் எடுத்துகினா. எத வச்சிகினு நான் உயிரோட கீறதுன்னு நீங்களே சொல்லுங்க."

கணக்கு டீச்சர் நான். எத்தனையோ பிள்ளைகளுக்கு விடை சொல்லிக்கொடுத்தவள். மாடிக்கு வந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காப்புக் கட்டினார்கள். வரிசை கோயில் தெருவைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் நின்றது. சிட்லபாக்கத்திலிருந்தெல்லாம் வந்து கேட்டார்களாம், எங்கள் பக்கத்துக்கும் எல்லை போட்டுக் கொடுங்கள் என்று. இந்தத் தடவை சக்திவேலும் கட்டிக்கொண்டான். சாயங்காலம் படிக்கட்டில் எதிரே வந்தான். அவன் கையைப் பார்த்துவிட்டு, உனக்குத்தான் இனி யாரும் இல்லையே, யாருக்காகக் கட்டினாய் என்று கேட்டேன். குத்தலாகத்தான் கேட்டேன்.

"ஊருக்காகக்கா," என்றான். "வூடு வூடா எல்லார் பேரையும் சொல்லித்தான் கட்டிகினேன். உங்க ரெண்டு பேர் பேரும் சொன்னேன்."

அன்பாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு, தண்ணீர் மோட்டாரைப் போட மறந்துவிட்டேன் என்று கீழே இறங்கிப் போனான்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அன்றையிலிருந்து கீழே அவன் வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டால், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய், அவன் எந்தப் பக்கம் திரும்புகிறான் என்று பார்க்கிறேன்.